எழுத்தாளர் வீட்டுக் கடிதக் கட்டுக்கு டிரை கேபினெட் சரிவருமா?

கேமரா வைத்திருப்பவர்களுக்காகச் செய்த பெட்டி இது. லென்சில் பூஞ்சை படரக்கூடாது என்பதற்காகக் கண்ணாடிக் கதவு, அதைச் சுற்றி ரப்பர் பட்டை, உள்ளே ஈரத்தை இழுக்கும் ஒரு சிறு கருவி, முன்பக்கம் ஒளிரும் எண். சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேர், பெனின்சுலா பகுதிக் கேமரா கடைகள், இணையக் கடைகள் என்று எங்கும் கிடைக்கிறது. சிறியவை நூறு, நூற்றைம்பது வெள்ளியளவில் தொடங்குகின்றன. எழுத்தாளர் ஒருவருக்கு வந்த கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் இதில் வைக்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 50 லிட்டருக்குக் குறையாத, ஈரம் உறிஞ்சும் மணிகள் வைத்த பெட்டி சரிவரும். அதைவிடச் சிறியது வேண்டாம். குளிர்த்தகடு வைத்த வகையும் வேண்டாம். எந்தப் பெட்டியானாலும், கட்டின் வரிசையைக் குலைத்து உள்ளே அடுக்கினால் கொடுத்த காசு வீண்.

வரிசை என்று ஏன் இத்தனை அழுத்தம்? எழுதிப் பெயர் வாங்கிய ஒருவர் வீட்டுக்கு ஒரே நாளில் வரும் தபாலைப் பிரித்துப் பாருங்கள். தீபாவளி மலருக்குக் கதை கேட்கும் பத்திரிகை ஆசிரியர். போன கதையைத் திட்டும் வாசகர். மூன்றாவது ஃபாரம் புரூஃப் அனுப்பியாயிற்று, பணம் எப்போது என்று கேட்கும் சென்னை அச்சகத்தின் கார்டு. ஊரில் நிலத்தகராறு பற்றி அத்தான் எழுதிய நீல ஏரோகிராம். தண்ணீர், மின்சாரக் கட்டணச் சீட்டு. பல் மருத்துவர் ரசீது. எழுத்தாளர் இதையெல்லாம் ஒரே ரப்பர் பேண்டில் போட்டு வைத்திருப்பார். அவர் காலத்துக்குப் பிறகு நாலறை வீட்டிலிருந்து மூவறை வீட்டுக்கு மாறும்போது குடும்பத்தார் கட்டைப் பிரிப்பார்கள். பெரிய மனிதர்களின் கடிதம் ஒரு பக்கம். ரசீதும் அத்தான் கடிதமும் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரின் வண்டியில்.

எறிந்ததில்தான் விஷயம் இருக்கிறது. அச்சகத்துக்குப் பணம் அனுப்பத் தாமதமானது ஏன் என்பதைப் பல் மருத்துவர் ரசீதுதான் சொல்லும். கதை ஏன் பாதியில் நின்றது என்பதற்குப் பதில் அத்தான் கடிதத்தில் இருக்கும். புதுமைப்பித்தன் சென்னையில் இருந்துகொண்டு திருவனந்தபுரத்தில் இருந்த மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களில் இலக்கியப் பேச்சு குறைவு. பணம், உடல்நலம், பிரிந்திருக்கும் வருத்தம் ஆகியவையே அதிகம். அவை தப்பிப் பிழைத்ததால்தான், 1948இல் காசநோயால் மறைந்த அந்த மனிதர் எந்த நெருக்கடிக்கு நடுவே எழுதினார் என்பது நமக்குத் தெரிகிறது. கு. அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தவர். இடைசெவல் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு அவர் எழுதிய கடிதங்களும் இப்படித் தப்பியவைதான். உ.வே. சாமிநாதையரோ தமக்கு வந்ததை எறியும் பழக்கமே இல்லாதவர். அவருக்கு வந்த கடிதங்கள் ஆயிரக்கணக்கில் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன.

ஆகவே பெட்டியின் அளவைத் தீர்மானிக்கும்போது ‘முக்கியமான’ கடிதங்களை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். வீட்டுக் காகிதமும் அதே பெட்டியில் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இனி ஈரம். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை கிளம்பலாம். இங்கே ஆண்டு முழுவதும் பெரும்பாலான நேரம் அப்படித்தான். பெரும்பாலான வீடுகளில் கட்டு போய்ச் சேரும் இடம் இன்னும் மோசம்: பாம் ஷெல்டர். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், ஆபத்து நேரத்தில் ஒதுங்குவதற்கென்று இருக்கும் அந்தக் கான்கிரீட் அறையில் இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் காற்றோட்டம் அநேகமாக இல்லை. அங்கே அட்டைப்பெட்டியைத் தரையோடு தரையாக வைத்தால் அடியிலுள்ள கட்டுதான் முதலில் போகும். அடியில் இருப்பதுதான் ஆகப் பழையது.

பலர் முதலில் கைவைப்பது கால்சியம் குளோரைடு டப்பா. அலமாரித் துணிக்கு அது நல்லது. கடிதத்துக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அது உப்புநீராகி அடியில் தேங்குகிறது. டப்பா ஒருமுறை சாய்ந்தால் அந்த நீர் பட்ட காகிதம் காயவே காயாது, ஏனென்றால் அந்த உப்பு காற்றிலிருந்து மறுபடி மறுபடி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பாச்சா உருண்டை பூச்சியை ஓரளவு விரட்டும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. வசம்பும் வேப்பிலையும் ஓலைச்சுவடிக் காலத்துப் பழக்கம். மெல்லிய ஏர்மெயில் தாளில் நேரே வைத்தால் கறை விழும்.

டிரை கேபினெட்டுக்கு வருவோம். வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு வகை. ஒன்றில் மின்சாரம் பாய்ந்தால் ஒருபக்கம் குளிரும் தகடு இருக்கும். குளிர்ந்த பக்கத்தில் நீர் படிந்து, அது வெளியே கடத்தப்பட்டு ஆவியாக வேண்டும். விலை குறைவு, சத்தமில்லை. ஆனால் ஈரம் மிகுந்த நாளில் திணறும்; நீர் வெளியேறும் வழி தூசியால் அடைபட்டால் துளி உள்ளேயே விழ வாய்ப்புண்டு. லென்சைத் துடைத்துக்கொள்ளலாம், பேனா மையில் எழுதிய கடிதத்தைத் துடைக்க முடியாது. மற்ற வகையில் ஈரம் உறிஞ்சும் மணிகள் ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கருவி உள்பக்க வாயை மூடிக்கொண்டு மணிகளைச் சூடாக்கி, ஈரத்தை வெளிப்பக்கமாகத் துரத்திவிட்டு மறுபடி உள்பக்கம் திறக்கும். மின்சாரம் நின்றாலும் மணிகள் சில மணி நேரம் வேலை செய்யும். கடிதத்துக்கு இதுதான். கடையில் கேட்கும்போது ‘உள்ளே தண்ணீர் சேருமா, மணியா’ என்று நேராகக் கேளுங்கள்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. 30 லிட்டர் என்றால் நிறைய இடம் போலத் தோன்றும். ஆனால் கேமராவுக்கான பெட்டி உயரத்தில் தாராளமாகவும் ஆழத்தில் கஞ்சத்தனமாகவும் இருக்கும். ஏ4 கோப்பு படுக்க உள் ஆழமோ உள் அகலமோ 32 செ.மீ. வேண்டும். விளம்பரத்தில் போட்டிருப்பது வெளி அளவு. கருவி உட்காரும் இடத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். கடைக்கு ஓர் ஏ4 கோப்பைக் கையோடு எடுத்துச் சென்று உள்ளே வைத்துப் பார்ப்பதே நல்லது. கொள்ளளவுக்கு ஒரு தோராயம்: சாதாரணத் தாள் நூறு ஒரு சென்டிமீட்டர் உயரம் வரும். மடிப்புக் குலையாத ஏரோகிராமும் உறையோடு இருக்கும் கடிதமும் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு இடம் பிடிக்கும். நாற்பது ஆண்டு எழுதியவரின் தபாலுக்கு 80 லிட்டரே நெருக்கமாகத்தான் இருக்கும்.

வாங்கிக் கொண்டுவந்ததும் முதல் வேலை, உள்ளே தட்டில் விரித்திருக்கும் அலை அலையான ஸ்பாஞ்சை எடுத்து எறிவது. நம் ஊர் வெக்கையில் சில ஆண்டுகளில் அந்த ஸ்பாஞ்சு பிசுபிசுத்து உதிரும். உதிர்ந்தது தாளில் ஒட்டினால் எடுக்க முடியாது. தட்டில் அமிலமில்லாத அட்டை ஒன்றை வெட்டிப் போடுங்கள். பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

இரண்டாவது, முன்பக்க எண்ணை நம்பாதீர்கள். ஐந்து விழுக்காடு கூடக் குறையக் காட்டுவது சகஜம். தனியாக ஒரு சிறு ஈரப்பதமானி வாங்கி உப்புச் சோதனை செய்யலாம். பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் ஈரமணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். அதையும் மானியையும் ஒரே சிப் பைக்குள் வைத்துக் காற்றுப் போகாமல் மூடி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அசைக்காமல் விட்டால் மானி 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி நாலு குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். தண்ணீர் அதிகமாகி உப்பு முழுதும் கரைந்துபோனால் சோதனை பொய்யாகும். அதுதான் வழக்கமான தவறு.

மூன்றாவது கதவு. ஒரு துண்டுத் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பட்டை பிடிக்கவில்லை. நான்கு பக்கமும் பாருங்கள், கீல் பக்கத்தையும் சேர்த்து.

எந்த எண்ணில் வைப்பது? கேமராக்காரர்கள் 40 என்பார்கள். காகிதத்துக்கு 45 முதல் 50. முப்பதுக்குக் கீழே போனால் பழைய தாள் மொறுமொறுத்து மடிப்பில் முறியும். பல ஆண்டு ஷெல்டரில் கிடந்த கட்டை ஒரேயடியாக 45இல் வைக்கவும் கூடாது. முதல் வாரம் 60, அடுத்து 55, பிறகு 50. கட்டை உள்ளே வைத்ததும் எண் ஏறி அங்கேயே நிற்கும்; பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். காகிதம் குடித்த நீரை மெல்ல விடுகிறது, ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

உள்ளே வைக்கும் முன் செய்ய வேண்டியவை பெட்டியைவிட முக்கியம். கட்டைப் பிரிக்குமுன் மேலிருந்து கீழாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எது எதன் மேல் இருந்தது என்று தெரியும்படி. ஒவ்வொரு காகிதத்தின் பின்பக்க மூலையிலும் மெல்லிய பென்சிலால் எண் போடலாம், பேனா கூடாது. குண்டூசியும் ஸ்டேப்பிளும் துருப்பிடித்திருந்தால் இழுக்கக் கூடாது: தாளைத் திருப்பிப் போட்டு, ஸ்டேப்பிளின் கால்களைக் கத்தி முனையால் நிமிர்த்திவிட்டுப் பிறகே எடுக்க வேண்டும். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே காயவிட்டு உதிர்க்க வேண்டும். செலோடேப்பைத் தொடாதீர்கள். அது விட்டுப்போன மஞ்சள் பசை வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

பிளாஸ்டிக் உறை வாங்கும்போது பிவிசி வேண்டாம். நகல் எடுத்த தாளிலுள்ள கறுப்பு மை அதில் ஒட்டிக்கொண்டு எழுத்தோடு வந்துவிடும். பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையே சரி. 1980, 90களின் ஃபேக்ஸ் தாள் இருந்தால் அதை எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. வெப்பத்தில் எழுத்து உண்டாகும் தாள் அது, தானாகவே வெளுக்கும். இன்றைக்கே படமெடுத்துவிடுங்கள். இப்போதைய கடை ரசீதுகளுக்கும் அதே கதிதான்.

பூஞ்சை பிடித்த கடிதத்தை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது. முகக்கவசம் அணிந்து, சன்னலோரம், மென்தூரிகையால் வெளிப்பக்கமாகத் துடைத்து, தனி உறையில். ராமபாணப் பூச்சி இருந்தால் டிரை கேபினெட் அதைக் கொல்லாது. கடிதங்களைக் காற்று நீக்கிய சிப் பையில் இரட்டையாக மூடி, வீட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்காமல் விட வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த தாளின் மேல் நம் ஊர்க் காற்றே தண்ணீராகப் படியும். நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் தாத்தாவின் கடிதமா என்று வீட்டில் குரல் எழும்பும். இரட்டைப் பை அதற்கும் பதில். ஒட்டிய புகைப்படங்களை மட்டும் ஃபிரீசரில் வைக்காதீர்கள்.

நீல ஏரோகிராம் தனிக் கவனம் கேட்கிறது. ஒரே தாள்தான் கடிதமும் உறையும். இடம் போதாமல் கடைசி நாலு வரி பசை மடிப்பிலும் ஓரத்திலும் எழுதப்பட்டிருக்கும். வீட்டு விஷயம் பெரும்பாலும் அங்கேதான். தபால்தலை தாளிலேயே அச்சடித்தது, ஆகவே தபால்தலை சேர்க்கும் பேரப்பிள்ளை அதை வெட்டினால் பின்பக்கத்துக் கடித வரிகளும் சேர்ந்து போகும், முத்திரைத் தேதியும் போகும். இப்படி மூலையில் சதுர ஓட்டை விழுந்த ஏரோகிராம்கள் எத்தனையோ வீடுகளில் உண்டு.

முத்திரை ஏன் வேண்டும் என்றால், பழைய தலைமுறை ‘விரோதி ஆடி 12’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கும். விரோதி ஆண்டு 1949–50இலும் வந்தது, 2009–10இலும் வந்தது. இந்த இரண்டில் குழப்பம் வராது என்றாலும், ஆண்டின் பெயர்கூட இல்லாமல் ‘ஆடி 12’ என்று மட்டும் இருந்தால் முத்திரைதான் கதி. ஆடி முதல் தேதி ஜூலை 16 அல்லது 17; அதிலிருந்து எண்ணினால் ஜூலை 27, 28 வரும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள், எழுதியவர் என்ற ஒழுங்கில் வைத்தால் கணினி தானே வரிசைப்படுத்தும்.

படமெடுப்பதில் சுருக்கமாக: தட்டை ஸ்கேனர், வண்ணத்தில், 300 டிபிஐ, பென்சிலும் மங்கிய மையும் 600. இரு பக்கமும், உறையும், வெற்றுப் பின்பக்கமும். தாளை உருளைக்குள் இழுக்கும் ஸ்கேனரில் பழைய ஏர்மெயில் தாளை விடுவது தற்கொலை. அச்செழுத்தைக் கணினி படித்துவிடும், கையெழுத்துத் தமிழுக்கு இன்னும் மனிதர்தான் வேண்டும்.

1990களுக்குப் பிந்திய எழுத்தாளர் என்றால் பாதிக் கடிதம் காகிதத்தில் இருக்காது. சிங்கப்பூர்தான் தமிழ்க் கணினி முயற்சிகள் சூடாக நடந்த இடம்: நா. கோவிந்தசாமி உருவாக்கிய ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருள், 1997இல் இங்கே நடந்த தமிழ்நெட் மாநாடு என்று. அந்தக் காலத்து மின்னஞ்சல்கள் யூனிகோடுக்கு முந்திய குறியீடுகளில் இருப்பதால் இன்றைக்குத் திறந்தால் கிறுக்கல் போலத் தெரியும். அழிக்காதீர்கள். எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்தால் குறியீடு மாற்றும் செயலிகள் மீட்டுத் தரும். ஃபிளாப்பி வட்டுகள் காத்திருக்க மாட்டா. அவற்றிலுள்ள காந்தப் பூச்சு நம் வெக்கையில் பூஞ்சைக்கு இரை. டிரை கேபினெட்டின் மேல்தட்டு அவற்றுக்கு ஏற்ற இடம், ஆனால் நகல் எடுத்த பிறகு.

யாருக்கு இந்தப் பெட்டி வேண்டாம்? நூறு கடிதத்துக்குக் குறைவாக இருந்தால் காற்றுப்புகாத உணவு டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சிறு மானி போதும். ஜெல்லை மாதம் ஒருமுறை பார்த்து, நிறம் மாறியிருந்தால் அடுப்பில் உலர்த்திக்கொள்ளலாம். தேசிய நூலகத்திடம் கொடுத்துவிடும் எண்ணம் இருந்தாலும் முதலில் பெட்டி வாங்காதீர்கள். எது வேண்டும், எந்த நிலையில் வேண்டும் என்று முன்கூட்டியே அவர்களிடம் பேசுங்கள். கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், ஆனால் அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் வாரிசுகளுக்கும். சிங்கப்பூரில் எழுதியவர் மறைந்து 70 ஆண்டு வரை. தாத்தாவுக்கு மற்றவர்கள் எழுதியதை நீங்கள் நூலாகப் போட நினைத்தால் அந்த வீடுகளிலும் கேட்க வேண்டியிருக்கும்.

பெட்டி வைக்கும் இடம்: ஷெல்டருக்குள்ளே வேண்டாம், மணிகள் துரத்தும் ஈரம் அந்த அறையிலேயே சுற்றும். சமையலறைச் சுவரோரமும் வேண்டாம். படுக்கையறையில், பிற்பகல் வெயில் படாத பக்கம், பின்னால் பத்து சென்டிமீட்டர் இடம் விட்டு வையுங்கள். பூட்டு இருந்தால் சாவியைக் கதவிலேயே விடாதீர்கள். சாமான் ஒழிக்கும் வேகத்தில் எவராவது திறந்து, ரசீதுகளை மட்டும் எடுத்துப் பையில் போட்டுவிடுவார்கள்.